படத்திலிருந்து இறங்கி வந்த கவுன்

எண்பதுகளின் கடைசி. எங்கள் ஊருக்குப் புத்தக வேன் ஒன்று வரும். அதில் ரஷ்யாவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். வழவழ தாள், கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். அப்பா வாங்கி வந்த அப்படி ஒரு கதைப் புத்தகத்தை என் அக்கா விரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த சிறுமியின் மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு இதே மாதிரி கவுன் வேணும்."

தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். அம்மா புத்தகத்தை வாங்கி ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பழைய சிவப்புப் புடவையை எடுத்தாள். இரண்டு ராத்திரி தையல் மெஷின் சத்தம் கேட்டது. மூன்றாவது நாள் காலையில் ரஷ்யச் சிறுமி எங்கள் திண்ணையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்!

அந்தப் படத்தை வரைந்தவருக்கு நாங்கள் ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஒரு வீட்டில், ஒரு கவுன். பெரிய குற்றமில்லை.

ஆனால், இதே காரியம் லட்சக்கணக்கான வீடுகளில் நடந்தால்? கடைகள் அதை வைத்து வியாபாரம் செய்தால்? அப்போது படம் போட்டவருக்கு என்ன கிடைக்கும்?

நடந்திருக்கிறது. சுமார் 140 வருஷத்துக்கு முன்னால், லண்டனில். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். கதாநாயகியின் பெயர், கேட் க்ரீனவே.

* * *

1846, மார்ச் 17. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தாள் கேத்தரின். வீட்டில் கூப்பிடும் பெயர் கேட். அப்பா ஜான் க்ரீனவே, மர அச்சுக்கட்டை செதுக்குபவர். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் போட்டோ போட வசதி கிடையாது. ஓவியர் வரைந்து கொடுப்பார். அதை மரக்கட்டையில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி அச்சடிப்பார்கள். நுணுக்கமான வேலை. கண்ணும் போகும், முதுகும் போகும். காசு மட்டும் வராது.

ஜானுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் நாவலுக்குப் படங்கள் செதுக்கித் தர வேண்டும். ராப்பகலாக உழைத்தார். வேலை கைக்கு வந்த நேரத்தில் பதிப்பாளர் திவால்! உழைப்புக்கான கூலி கடலில் போட்ட பெருங்காயம்.

இப்போது குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது யார்? அம்மா எலிசபெத். இஸ்லிங்டன் பகுதியில் ஒரு கடையைப் பிடித்தார். லேஸ், சின்னக் குழந்தைகளுக்கான உடைகள், அலங்காரச் சாமான்கள். தைத்தார், விற்றார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஆக, கேட் வளர்ந்த வீட்டில் ஒரு பக்கம் அப்பாவின் உளி, இன்னொரு பக்கம் அம்மாவின் ஊசி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க வரும்.

லண்டனில் நிலைமை சரியில்லாத நாட்களில், குட்டிப் பெண் கேட்டை நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ரோல்ஸ்டன் என்ற கிராமத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். வயல், பூந்தோட்டம், ஆப்பிள் மரம். லண்டன் ஃபேஷன் எட்டிப் பார்க்காத ஊர். பெண்கள் முகத்தை மறைக்கும் பெரிய துணித் தொப்பி போட்டிருந்தார்கள். ஆண்கள் தொளதொள மேலங்கி அணிந்து உழுதார்கள். மார்புப் பகுதியில் சின்னச் சின்னச் சுருக்கம் பிடித்து, அதன் மேல் நூலால் தேன்கூடு மாதிரி பின்னிய அங்கி. அதற்குப் பெயர் ஸ்மாக். நம்ம ஊர் தையல் வகுப்புகளில் 'ஸ்மாக்கிங்' என்று சொல்லிக்கொடுக்கிறார்களே... அதேதான். குழந்தை கவுனில் அழகுக்குப் போடும் அந்த வேலை, உழவன் சட்டையிலிருந்து வந்தது!

லண்டன் பெண்ணுக்கு அந்தக் கிராமம் ஒரு கனவு போலப் பதிந்துவிட்டது. ஊரைவிட அதன் துணிமணி இன்னும் ஆழமாகப் பதிந்தது.

* * *

பன்னிரண்டு வயதில் ஓவியப் பள்ளி. பிறகு இன்னும் சில பள்ளிகள். படித்து முடித்து, வாழ்த்து அட்டைகளுக்குப் படம் போட ஆரம்பித்தார். அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெரிய கம்பெனிக்கு அவர் வரைந்த காதலர் தின அட்டை ஒன்று, சில வாரங்களில் 25,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் கேட்டுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் தொகை மூன்று பவுண்டு.

நான் பி.காம் படித்தவன். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. மூன்று பவுண்டு என்றால் 720 பென்னி. 25,000 அட்டைக்கு வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 35 அட்டை விற்றால் ஓவியருக்கு ஒரு பென்னி! கணக்குப் புத்தகத்தில் இதற்கு என்ன தலைப்புப் போடுவது? 'இதர செலவுகள்'?

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தன்னோடு சிறுவயதில் ஒரே பட்டறையில் தொழில் கற்ற எட்மண்ட் எவன்ஸிடம் மகளை அழைத்துப் போனார். எவன்ஸ் அந்தக் காலத்துக் கலர் பிரின்டிங் மன்னர். ஒரு நிறத்துக்கு ஒரு மரக்கட்டை என்று செதுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து, படத்தின் மென்மை கெடாமல் கொண்டுவருவார். கேட் கொண்டு போன படங்களையும் குட்டிப் பாட்டுகளையும் பார்த்தார். மொத்தமாக வாங்கிக்கொண்டார்.

1879-ல் வெளிவந்தது 'அண்டர் தி விண்டோ'. விலை ஆறு ஷில்லிங். எவன்ஸ் முதல் பதிப்பாக அடித்தது 20,000 பிரதிகள். 'ஆறு ஷில்லிங் குழந்தைப் புத்தகத்தை இத்தனை அடித்தால் விற்குமா?' என்று பதிப்பாளர்களே கேலி செய்தார்கள். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. கடை விலைக்குக் கணக்குப் போட்டால் 6,000 பவுண்டு சரக்கு. அன்றைக்கு அது பெரிய சூதாட்டம்தான்.

என்ன ஆனது தெரியுமா? மறுபதிப்பு மெஷினில் ஏறுவதற்குள் அத்தனையும் காலி! கையில் பிரதி வைத்திருந்தவர்கள் அதிக விலைக்கு விற்றார்கள். அடித்து அடித்து 70,000-ஐத் தொட்டது. பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளும் வந்தன. எவன்ஸ் நேர்மையான மனிதர். கேட்டுக்கு வருமானத்தில் பங்கு கொடுத்தார். பின்னால் வந்த புத்தகங்களில் லாபத்தில் சரிபாதி.

இதுவரை கணக்கு சரி. இனிமேல்தான் சிக்கல்.

* * *

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருந்தது? பெரிய கதை ஏதும் இல்லை. பிள்ளைகள் தோட்டத்தில் நடக்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால், அந்தப் பிள்ளைகள் போட்டிருந்த உடை!

அன்றைய லண்டன் பணக்கார வீட்டுப் பெண் குழந்தையை நினைத்துப் பாருங்கள். இடுப்பை இறுக்கும் உள்கச்சு. பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும் பாவாடை. கனமான துணி, வரிசையாகப் பொத்தான், அடுக்கடுக்காக ஃப்ரில். பெரியவர்களின் உடையை அப்படியே சின்னதாக்கி மாட்டிவிடுவார்கள். குழந்தை ஓடவும் முடியாது, குனியவும் முடியாது. கல்யாண வீட்டில் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, 'கசங்காம உட்காரு' என்று நாற்காலியில் வைத்துவிடுவார்களே... அப்படி, தினமும்.

கேட் வரைந்த குழந்தைகளுக்கு இடுப்பே இல்லை! கவுனின் பட்டி மார்புக்குக் கீழே மேலாக இருக்கும். அங்கிருந்து துணி நேராக, லேசாக விழும். வெள்ளை மஸ்லின், ஒரு ரிப்பன், தலையில் துணித் தொப்பி. பையன்களுக்குத் தொளதொள ஸ்மாக். ஓடலாம், மரம் ஏறலாம்.

இது கேட் புதிதாகக் கண்டுபிடித்த உடையல்ல. 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்துப் பெண்கள் அணிந்த பழைய மாடல். அந்த நாகரிகத்தைப் பரப்பிய துணியே நம் பக்கத்துச் சரக்குதான். வங்காளத்து நெசவாளர்கள் நெய்த மெல்லிய மஸ்லின் கப்பலேறிப் போனது. அதற்குப் பிறகுதான் லங்காஷயர் ஆலைகள் அதைப் போலவே நெய்ய ஆரம்பித்து, நம் நெசவாளர் வயிற்றில் அடித்தன. அது தனிக் கதை.

தாத்தா பாட்டி காலத்து அந்த மாடலையும், ரோல்ஸ்டன் கிராமத்தில் தான் பார்த்த துணிமணியையும் கலந்து கேட் தன் குழந்தைகளுக்கு உடுத்தினார். எப்படி? சும்மா கற்பனையில் வரையவில்லை. இங்கேதான் அம்மாவின் ஊசி வருகிறது. கேட் முதலில் அந்த உடைகளைத் தானே தைத்தார்! தொப்பி, கவுன், மேலங்கி என்று ஒவ்வொன்றாகத் தைத்து, மாடலாக வரும் குழந்தைகளுக்கும் மரப் பொம்மைக்கும் போட்டுவிட்டு, துணி எங்கே மடிகிறது, எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் வரைந்தார்.

அதனால்தான் அந்தப் படத்தைப் பார்த்த எந்த அம்மாவுக்கும், 'இதை நாமும் தைத்துவிடலாமே' என்று தோன்றியது. தைத்துப் பார்த்து வரைந்த கவுன் அல்லவா... படத்தைப் பார்த்தே தைக்க முடிந்தது.

* * *

தைத்தார்கள். இங்கிலாந்தில் தைத்தார்கள், பிரான்ஸில் தைத்தார்கள், அமெரிக்காவில் தைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மோகத்துக்கு 'க்ரீனவிஸம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

லண்டன் ரீஜன்ட் தெருவில் 1875-ல் தொடங்கிய லிபர்ட்டி கடையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியப் பட்டும் சால்வையும் விற்றுப் பெயர் வாங்கிய கடை. அங்கே 1884-ல் ஆடைகளுக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். இடுப்பை இறுக்காத, உடம்புக்கு இதமான உடைகள்தான் அதன் கொள்கை. கேட்டின் படங்களிலிருந்து எடுத்த பாணியில் குழந்தைகளுக்கான கவுன்களும் அங்கே விற்பனைக்கு வந்தன. உழவன் சட்டையில் இருந்த ஸ்மாக்கிங், பணக்காரக் குழந்தையின் பட்டு கவுனில் ஏறி உட்கார்ந்ததும் இந்தக் காலத்தில்தான்.

கவுனோடு நின்றதா? அமெரிக்கப் பெண்கள் அந்தக் குழந்தை உருவங்களைச் சிவப்பு நூலால் தலையணை உறையிலும் துண்டிலும் எம்ப்ராய்டரி போட்டார்கள். தட்டு, டைல்ஸ், பொத்தான், பொம்மை என்று எல்லாவற்றிலும் க்ரீனவே குழந்தைகள். கொஞ்சம் சரக்குக்குத்தான் அனுமதி உண்டு. மீதியெல்லாம் திருட்டு.

இப்போது பேரேட்டைத் திறப்போம்.

புத்தகம் விற்றால் கேட்டுக்குப் பங்கு உண்டு. அந்தப் படத்தை இன்னொருவர் அச்சடித்தால் கேஸ் போடலாம். ஆனால், படத்தில் இருக்கும் சிறுமி போட்டிருக்கிற கவுன்? அதைப் பார்த்துத் தைத்து விற்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தைப்பது ஒரு பாணி. பாணிக்குப் பட்டா கிடையாது. இரண்டு கண்டத்துக் குழந்தைகளுக்கு உடை உடுத்தியவர் என்று கேட்டைப் புகழ்ந்தார்கள். புகழ் வரவில் வந்தது. பணம் வேறு பலருடைய வரவில் போனது.

இன்னொரு நியாயமும் உண்டு. 'அந்த உடை கேட்டுக்கு மட்டும் சொந்தமா? பழைய காலத்து மாடல்தானே, கிராமத்து உழவனின் சட்டைதானே?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ரோல்ஸ்டன் பெண்களுக்கு யார் காசு கொடுத்தார்கள்? ஸ்மாக்கிங் போட்ட உழவன் வீட்டு அம்மாவுக்கு? வங்காளத்து நெசவாளருக்கு? எல்லோரும் யாரிடமிருந்தோ எடுத்திருக்கிறார்கள். எடுத்ததை வைத்துக் கேட் புதிதாக ஒன்றைச் செய்தார். குழந்தைக்கென்று ஒரு உடை உண்டு, அது பெரியவர் உடையின் குட்டி நகல் அல்ல என்பதைப் படம் போட்டே காட்டினார். மருத்துவர்களும் சீர்திருத்தக்காரர்களும் மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது. அம்மாக்களின் காதில் ஏறியது ஒரு படப் புத்தகம் வழியாக.

* * *

படம் பார்த்துத் தைத்த எல்லா உடையும் குழந்தைக்கு நல்லதாக அமைந்துவிடவில்லை. 1886-ல் அமெரிக்காவில் 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்' என்ற கதை வந்தது. எழுதியவர் ஃபிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட். ஓவியர் ரெஜினால்ட் பிர்ச். கதாநாயகப் பையனுக்குக் கறுப்பு வெல்வெட் சூட், பெரிய லேஸ் காலர், தோளில் சுருள் முடி. அம்மாக்கள் மயங்கிவிட்டார்கள். அமெரிக்கா முழுக்கப் பையன்களைப் பிடித்து வெல்வெட்டில் திணித்தார்கள். புழுதியில் புரண்டு விளையாட வேண்டிய பயல் லேஸ் காலரோடு தெருவில் போனால் மற்ற பையன்கள் விடுவார்களா? ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். ஒரு தலைமுறைப் பையன்கள் அந்த சூட்டை வெறுத்தார்கள்.

ஒரே தந்திரம்தான். ஒன்று குழந்தையை அவிழ்த்துவிட்டது, இன்னொன்று கட்டிப்போட்டது.

* * *

கேட்டின் கதைக்கு வருவோம். 1880-களில் அவர் உச்சத்தில் இருந்தார். ஜான் ரஸ்கினுக்கு அவர் படங்கள் மேல் அப்படியொரு பிரியம். யார் என்கிறீர்களா? 1904-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தியை ரயிலில் தூங்கவிடாமல் படிக்க வைத்த புத்தகத்தை எழுதினாரே, அவரேதான். 1883-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கேட்டின் படங்களைப் பற்றி உரையே நிகழ்த்தினார். லண்டன் ஹேம்ஸ்டெட் பகுதியில் பிரபல கட்டட வல்லுநர் நார்மன் ஷாவை வைத்து வீடு கட்டிக் குடியேறினார் கேட்.

ஆனால், ஃபேஷன் என்பது வாடகை வீடு. வருஷங்கள் போகப்போக, சந்தை முழுக்க க்ரீனவே மாதிரி கவுன், க்ரீனவே மாதிரி அட்டை, க்ரீனவே மாதிரி புத்தகம். நகல் பெருகினால் அசலுக்கு என்ன மதிப்பு? புத்தக விற்பனை சரிந்தது. வருஷா வருஷம் வந்த அவருடைய குட்டி நாட்காட்டிப் புத்தகங்களும் 1897-ஓடு நின்றன. கண்காட்சி வைத்துப் படங்களை விற்றுப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் எண்ணெய் வண்ண ஓவியம் பழக ஆரம்பித்தார். மார்பகப் புற்றுநோய் அவரை விடவில்லை. 1901, நவம்பர் 6. ஐம்பத்தைந்து வயதில் இறந்துபோனார்.

அடுத்த வருஷம், 1902-ல், இன்னொரு லண்டன் பெண்ணின் முதல் புத்தகம் கடைக்கு வந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு முயல். பீட்டர் ராபிட்! எழுதி வரைந்தவர் பீட்ரிக்ஸ் பாட்டர். அவர் என்ன செய்தார்? மறு வருஷமே, தன் கையால் துணியில் ஒரு முயல் பொம்மை தைத்து, அதை அரசாங்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டார்! அனுமதி இல்லாமல் யாரும் செய்ய முடியாது. வந்த பணத்தில் நிலம் நிலமாக வாங்கினார். 1943-ல் அவர் இறந்தபோது நாட்டுக்கு விட்டுச்சென்ற நிலம் 4,000 ஏக்கருக்கு மேல்.

இருவருமே துணியில் தைத்துப் பார்த்தவர்கள்தான். ஒருவர் தைத்துவிட்டு வரைந்தார். இன்னொருவர் வரைந்துவிட்டுத் தைத்தார். தைத்ததைப் பதிவு செய்தாரா இல்லையா... வித்தியாசம் அங்கே.

* * *

கேட்டை உலகம் மறந்துவிடவில்லை. பிரிட்டிஷ் நூலகர்கள் 1955-ல் சிறந்த குழந்தைப் புத்தக ஓவியருக்கு ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். பெயர், கேட் க்ரீனவே பதக்கம். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர் நிலைத்தது. 2022-ல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அது ஓவியத்துக்கான கார்னகி பதக்கம். எழுத்துக்கு ஏற்கெனவே இருந்த கார்னகி பதக்கத்தோடு ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்களாம். கார்னகி யார்? அமெரிக்க எஃகு கோடீஸ்வரர். நூலகங்களுக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல், மறுக்கவில்லை. இருந்தாலும், 35 அட்டைக்கு ஒரு பென்னி வாங்கிய பெண்ணிடம் மிச்சமிருந்தது அந்தப் பெயர்தான். அதுவும் கோடீஸ்வரர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இதை எழுதும்போது அக்காவுக்கு போன் போட்டேன். அந்தச் சிவப்பு கவுன் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மறக்குமா? அம்மா கழுத்துல மஞ்ச நூல்ல பூப் போட்டுக் குடுத்தாளே" என்றாள். பட்டன் எத்தனை, ஃப்ரில் எத்தனை, எல்லாம் சொன்னாள்.

"சரி, அந்தப் புத்தகத்துல படம் வரைஞ்சது யாரு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். "பேரெல்லாம் யாருடா பார்த்தா?"

நானும் பார்க்கவில்லை. நீங்கள்? இன்று ராத்திரி உங்கள் குழந்தைக்குக் கதை சொல்லப் புத்தகம் எடுக்கும்போது, முதல் கதைக்குப் போவதற்கு முன் ஒரு பக்கம் பின்னால் திருப்புங்கள். சின்ன எழுத்தில் 'ஓவியம்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். சத்தமாக ஒரு முறை வாசித்துவிட்டுக் கதையை ஆரம்பியுங்கள்.